கயிற்றின் மறுமுனை

பிரெஞ்சு மொழியில் 1997ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ஒரு சிறு நூலை முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு வாசிப்பவனுக்கு அதன் தலைப்பே முதல் கேள்வியாக எழுந்து நிற்கிறது. 'மூழ்குடையும் வண்ணத்துப்பூச்சியும்' என்பது அத்தலைப்பின் நேர்ப்பொருள். ஜெரமி லெகாட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு மூழ்குடையை 'டைவிங் பெல்' ஆக்கிவிட்டது. கடலை அறியாதார்க்கு இரண்டும் ஒன்றே, நமக்கு அப்படியன்று. டைவிங் பெல் என்பது கவிழ்த்து வைத்த மணியைப் போன்ற ஒரு கலம். அதன் அடிப்பக்கம் திறந்தது. உள்ளே காற்று தங்கி நிற்கும். இருவர் மூவர்கூட அமரலாம். வேண்டும்போது வெளியே நீந்திச் சென்று திரும்பலாம். ஆசிரியர் எழுதிய 'ஸ்காஃபாந்தர்' என்ற சொல்லோ செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் கொண்ட பழைய மூழ்குடையைக் குறிப்பது. அதனுள் ஒருவனுக்கே இடம். பூட்டியபின் அவனாகத் திறந்துகொண்டு வெளியே வருவதற்கில்லை. தம் உடலுக்கு உவமையாக ழான் தொமினிக் போபி தேர்ந்துகொண்டது இதனையே. ஆங்கில வாசகர்கள் சற்று இலேசான சிறையொன்றைப் பெற்றுக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த உவமையில் ஆசிரியரே சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. பழைய மூழ்குடையின் கவசத்திலிருந்து ஒரு காற்றுக்குழாய் மேலே படகுக்குச் செல்லும். அங்கே சிலர் நின்று பம்பை இயக்கிக்கொண்டே இருப்பர். உடைக்குள் இருப்பவன் தனியன்தான். எனினும் மேலே ஒருவர் கை ஓய்ந்தால் இவன் மூச்சு நின்றுவிடும். நம் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்த உடைகூட இருந்ததில்லை. காலில் கல்லைக் கொடுத்து இறங்கி, ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மேலோ மூச்சடக்கி, பாரில் கிடக்கும் சிப்பிகளை அள்ளிக் கூடையில் இட்டு, கயிற்றை அசைப்பார்கள். தோணியில் நிற்பவர் அந்த அசைவை உணர்ந்த கணமே இழுத்தாக வேண்டும். கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பது வழக்கம் என்றும், தன் சகோதரி தாலி அறுக்க எந்த மைத்துனனும் மனம் கொள்ளான் என்பதே காரணம் என்றும் கடலோரத்தில் சொல்வதுண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளிப்பு மட்டும் இன்றும் தொடர்கிறது; அதிலும் படகில் கம்பிரசர் வைத்துக் குழாய் வழியே காற்றனுப்பும் முறை வந்தபின், நெடுநேரம் ஆழத்தில் தங்கி விரைந்து மேலெழுந்தவர்களுள் சிலர் கால்கள் செயலிழந்து கரை சேர்ந்திருக்கின்றனர். ஆகவே மூழ்குதலும் முடக்கமும் இக்கரைக்கு வெறும் உவமைகள் அல்ல.

போபியின் கதை பலர் அறிந்ததே. சுருக்கமாகக் கூறிச் செல்லலாம். பாரிஸில் 'எல்' என்னும் புகழ்பெற்ற மகளிர் இதழின் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1995 டிசம்பர் 8ஆம் நாள், தம் 43ஆம் வயதில், மூளைத்தண்டில் ஏற்பட்ட இரத்தக்குழாய்ப் பாதிப்பினால் நினைவிழந்தார். ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குப்பின் நினைவு திரும்பியபோது அறிவும் செவியும் நினைவாற்றலும் முழுமையாக இருந்தன. உடல் மட்டும் இல்லை. தலையைச் சிறிது அசைக்க முடிந்தது. இடக்கண் இமையை மூடித் திறக்க முடிந்தது. வலக்கண்ணைப் பாதுகாப்பின்பொருட்டு மருத்துவர்கள் தைத்து மூடிவிட்டனர். இந்நிலைக்கு 'உள்ளடைபட்ட நிலை' என்னும் பொருள்படும் பெயரை 1966இல் பிளம், போஸ்னர் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் இட்டனர். பிரான்சின் வடகடற்கரையில் பெர்க் என்னும் ஊரின் மருத்துவமனையில் அவர் கிடந்தார். 1996ஆம் ஆண்டுக் கோடையில் ராபர்ட் லஃபோன் பதிப்பகம் அனுப்பிய குளோத் மாந்திபில் என்ற பெண்மணி அவரருகில் அமர்ந்து, எழுத்து எழுத்தாக இந்நூலை எழுதிக்கொண்டார். ஏறத்தாழ 2 இலட்சம் இமைப்புகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூல் வெளிவந்த சில நாட்களிலேயே, 1997 மார்ச் 9 அன்று, போபி காலமானார்.

இப்படிப்பட்ட நூலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகின்றனர். வியப்பு நியாயமானதே, ஆனால் அது திறனாய்வு ஆகாது. முடக்கப்பட்ட ஒருவர் எழுதினார் என்பதற்காகவே நூலைப் போற்றுவது அவரை மீண்டும் படுக்கையில் கிடத்துவதற்கு ஒப்பாகும். எழுத்தாளர் என்ற முறையில் அவரை மதிப்பதாயின், எது நன்றாயிருக்கிறது, எது அப்படியில்லை என்று சொல்லும் உரிமையையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். என் கருத்தில் இந்நூலின் தளர்ந்த பகுதிகள் அவருடைய கனவுகளும் பழைய பாரிஸ் வாழ்வின் பளபளப்பான நினைவுகளுமே. பத்திரிகை உலகின் பெயர்கள் நிறைந்த அப்பக்கங்கள் நலமாயிருந்த காலத்திலும் அவர் எழுதியிருக்கக் கூடியவை. நூலை உயர்த்துவன வேறு சில அத்தியாயங்கள். அவை எல்லாமே ஏதோ ஒரு வகையில் கயிற்றைப் பற்றியவை.

அவற்றுள் முதன்மையானது எழுத்துவரிசை பற்றிய அத்தியாயம். பேச்சுப் பயிற்சியாளரான பெண்மணி ஒருவர் அவருக்கு அந்த வழியைக் காட்டினார். பிரெஞ்சு மொழியில் அதிகம் பயின்று வரும் எழுத்துகளை முதலில் வைத்து, ஈ, எஸ், ஏ, ஆர், ஐ, என் என்று ஒருவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமைப்பார். அவர் அதை எழுதிக்கொண்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து சொல்வார். முறை எளிது. ஆனால் வந்து அமர்கின்றவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. சிலர் பதறிப்போய் எழுத்துகளை விழுங்கிவிடுகின்றனர். சிலர் ஒவ்வோர் எழுத்தையும் பழுதின்றிப் பதிவுசெய்கின்றனர். ஆனால் சொல் தானாகத் தெளிவாகிவிட்ட பின்னும் அதை முடித்துக்கொடுக்கத் துணிவதில்லை. சிலரோ முதல் இரண்டு எழுத்திலேயே முந்திக்கொண்டு எதையோ சொல்லிவிடுகின்றனர். ஒருமுறை அவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கேட்கத் தொடங்கினார். பிரெஞ்சில் அதற்கு 'லூனெத்' என்று பெயர். 'லூன்' என்றாலோ நிலா. நிலாவை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எதிரே இருந்தவர் கேட்டாராம். சிரிப்பூட்டும் இடந்தான். எனினும் படுக்கையில் கிடக்கும் ஒருவர் தம்மைச் சுற்றியுள்ளோரைக் கணிக்கும் அளவுகோல் ஒன்று இங்கே வெளிப்படுகிறது: யாருக்குப் பொறுமை உண்டு, யாருக்கு ஊகம் உண்டு, யாருக்கு இரண்டும் உரிய அளவில் உண்டு என்பதை அவர் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நோயாளரைச் சந்திக்கச் செல்வோர் அனைவரும் வாசித்தாக வேண்டிய பக்கங்கள் இவை.

தந்தையைப் பற்றிய அத்தியாயம் அதனினும் ஆழமானது. தொண்ணூற்றிரண்டு வயதுத் தந்தை பாரிஸில் மாடி வீட்டில் இருக்கிறார், படியிறங்க இயலாது. மகனோ பெர்க்கில். தான் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் தந்தைக்கு முகம் மழித்துவிட்டதை மகன் நினைத்துப் பார்க்கிறார். தந்தை எப்போதேனும் தொலைபேசியில் அழைப்பார். கருவியை யாரோ மகனின் காதில் பிடிப்பர். தந்தை பேசுவார்; மகனால் ஒரு சொல்லும் திருப்பித்தர இயலாது. கயிறு கையில் இருக்கிறது. அசைத்தால் மறுமுனைக்கு எட்டவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே நூலை வைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் பணியாளர் குறைவு. நண்பர் எவரும் வரவில்லையெனில் நாள் முழுதும் வெறுமை. மூக்கின்மேல் ஓர் ஈ வந்து அமர்ந்தால் அதை விரட்டவும் வழியில்லை. ஆண்டவருடைய நாள் என்று நாம் கொண்டாடும் நாள் ஒருவருக்கு வாரத்திலேயே மிக நீண்ட பாலையாக இருக்கக்கூடும் என்பதைக் கோவிலிலிருந்து வீடு திரும்பி உணவுக்கு அமரும் நாம் எண்ணுவதில்லை. லூர்து நகருக்குத் தோழி ஒருத்தியுடன் சென்ற பழைய பயணத்தை அவர் எள்ளலோடு விவரிக்கும் அத்தியாயத்தைக் கண்டு நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் மாதா சுரூபங்களையும் நெடிய வரிசைகளையும் பற்றிய கேலி அது. திருத்தலங்களைச் சுற்றியுள்ள கடைவீதிகளைக் கண்டு நாமே அவ்வப்போது சலித்துக்கொள்வதினின்று அது அதிக தூரத்தில் இல்லை. இதே மனிதர்தாம் தமக்காக உலகின் பல மூலைகளில் பல சமயத்தவரும் வேண்டிக்கொள்வதையெல்லாம் நகையுணர்வோடு பட்டியலிட்டுவிட்டு, அவையனைத்திலும் மேலாகத் தம் சிறு மகள் இரவில் உறங்குமுன் சொல்லும் செபத்தை வைக்கிறார். அவிசுவாசி என்று அவரைத் தள்ளிவிடுவது எளிது. அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டுத் தள்ளுவது அவ்வளவு எளிதன்று.

பேச இயலாமற் கிடப்பவரை இலக்கியம் முதன்முதலில் கண்டது இங்கன்று. அலெக்சாந்தர் டூமா 1844 முதல் 1846 வரை தொடராக வெளியிட்ட 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' என்னும் புதினத்தில் நுவார்த்தியே என்றொரு முதியவர் வருகிறார். உடல் முழுதும் செயலற்று, கண்களால் மட்டும் பேசுபவர். போபியும் அவரைத் தம் நூலில் நினைவுகூர்கிறார். அப்புதினத்தில் என்னைக் கவர்ந்த இடம் உயில் எழுதும் காட்சி. பத்திரம் எழுத வந்த அலுவலர், பேசாதவருடைய விருப்பத்தை எப்படி நம்புவது என்று தயங்குகிறார். பேத்தி வாலந்தின் அகராதியைக் கொண்டுவந்து, எழுத்தையும் பின்னர் சொல்லையும் சுட்டிக்காட்டிப் பாட்டனின் கண் எங்கே நிற்கிறதென்று காட்டி அவரை நம்பவைக்கிறாள். அன்பு மட்டும் இருந்தால் போதாது, அந்நியன் ஒருவன் கண்டு ஒப்புக்கொள்ளத்தக்க முறையும் வேண்டும் என்பதை டூமா ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறார். போபியின் நூலை ஜூலியன் ஷ்னாபெல் 2007இல் திரைப்படமாக்கி, அதற்காகக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றார். முதல் அரைமணி நேரம் ஒற்றைக் கண்ணின் வழியாகவே நாம் பார்க்கிறோம். அது மிகச் சிறந்த உத்தி. பின்னர் அவரைச் சுற்றியிருந்த பெண்களின் கதையைத் திரைக்கேற்பத் திருத்தியதில் படம் நூலைவிட மெலிந்துபோகிறது.

அந்த அலுவலரின் தயக்கத்துக்கு நம் காலத்திலும் இடமிருக்கிறது. 2009ஆம் ஆண்டு பெல்ஜியத்திலிருந்து ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணர்வற்றவர் என்று கருதப்பட்ட ஒருவர் உண்மையில் உணர்வோடிருந்தார் என்றும், உதவியாளர் ஒருவர் கையைத் தாங்கிப்பிடிக்க இப்போது தட்டச்சுச் செய்து பேசுகிறார் என்றும் கூறப்பட்டது. பலர் கண்ணீர் சிந்தினர். 2010இல் மருத்துவர்கள் சோதித்தனர்: உதவியாளர் அறியாத ஒன்றை நோயாளிக்கு மட்டும் காட்டிவிட்டு, அதைத் தட்டச்சிடச் சொன்னபோது விடை வரவில்லை. வந்த சொற்கள் எல்லாம் உதவியாளருடையவையே. அவர் ஏமாற்ற எண்ணினார் என்பதில்லை. கேட்க விரும்பியதைத் தம்மை அறியாமலே தாமே எழுதிவிட்டார். தோணியில் நிற்பவன் தானே கயிற்றை அசைத்துவிட்டு, கீழிருந்து குறி வந்தது என்று சொல்வது போன்றது இது. மாந்திபிலின் பணியை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் நேர்மை விளங்கும். இமை போபியினுடையது, அதை வேறெவரும் தாங்கிப்பிடிக்கவில்லை, அருகில் நிற்கும் எவரும் அதே எழுத்தை எண்ணிக்கொள்ளலாம்.

நம் வீடுகளிலும் இது நிகழ்வதுண்டு, கருவி எதுவுமின்றியே. முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணையோடு வீடுவீடாகச் செல்லும் குருக்கள் அறிவர். கட்டிலில் இருக்கும் பெரியவரிடம் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டால் மருமகள் விடை சொல்வாள். வலி இருக்கிறதா என்றால் மகன் விடை சொல்வார். "அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று அவர் காதுபடவே சொல்வர். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அறுபது ஆண்டுகள் தோணி ஓட்டிய ஒருவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை யார், எப்படிச் சோதித்துக் கண்டார்கள்?

இனி கருவிக்கு வருவோம். விழி நோக்கைப் பின்தொடரும் கருவிகள் இன்று நடைமுறையில் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழியின்மேல் வீழ்த்தி, பாவையின் நடுப்புள்ளியையும் விழிப்பரப்பில் தெறிக்கும் ஒளிப்பொட்டையும் ஒரு கேமரா கண்டுகொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவும் திசையும் மாறுவதைக் கொண்டு, திரையில் எந்த இடத்தை அவர் பார்க்கிறார் என்று கணினி கணிக்கிறது. ஓர் எழுத்தின்மேல் சிறிது நேரம் பார்வை நின்றால் அது தெரிவாகிவிடும். சொல் முடிந்ததும் கருவியே உரக்கப் படிக்கும். இதில் ஓர் இடர் உண்டு. தொட்டதெல்லாம் பொன்னாகக் கேட்டுத் துன்புற்ற மிதாஸ் அரசனின் பெயரால் அதனை வழங்குவர்: பார்த்ததெல்லாம் சொல்லாகிவிடுகிறது. பார்ப்பதற்கு மட்டும் பார்ப்பது எது, சொல்வதற்காகப் பார்ப்பது எது என்று கருவிக்குத் தெரியாது. நம் கண்கள் எப்போதும் இரண்டையும் செய்கின்றன அன்றோ! அதனால்தான் பார்வை நிற்கும் கால அளவை ஒவ்வொருவருக்கும் ஏற்றவாறு கூட்டியும் குறைத்தும் அமைக்க வேண்டியிருக்கிறது.

அது அனைவர்க்கும் பொருந்துவதும் இல்லை. தசை இயக்க நரம்புகள் படிப்படியாக அழியும் ஏஎல்எஸ் நோயில் பெரும்பாலும் கண்ணசைவு நெடுங்காலம் எஞ்சி நிற்பதால் அவர்கட்கு இக்கருவி பெருந்துணை. மூளைத்தண்டுப் பாதிப்பால் உள்ளடைபட்டவர்களுக்கோ பெரும்பாலும் விழியை மேலும் கீழும் உயர்த்தித் தாழ்த்தவே முடியும். இடம் வலமாக நகர்த்த இயலாது. திரை முழுதும் பரப்பி வைத்த எழுத்துப்பலகை அவர்களுக்கு என்ன பயன் தரும்? போபியின் இமைக்கு மாந்திபிலின் குரலே இன்றும் ஏற்ற கருவியாயிருக்கலாம். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உடையோர்க்குத் தலையும் கண்ணும் கட்டுக்கடங்காமல் அசைவதால் பார்வையை ஓரிடத்தில் நிறுத்துவதே கடினம். இத்தகைய மாணவர்களோடு சென்னையில் 1985 முதல் பணியாற்றிவரும் வித்யா சாகர் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பிரதீப்தா பிஸ்வாஸ் தலைமையிலான ஆய்வுக்குழுவும் இணைந்து செய்த முயற்சி குறிப்பிடத்தக்கது. விலையுயர்ந்த அகச்சிவப்புக் கருவிக்குப் பதிலாகச் சாதாரணக் கணினிக் கேமராவைக் கொண்டே கண்ணோக்கைக் கணித்து, அதனால் ஓர் இயந்திரக் கையை இயக்கித் துணியில் அச்சுப் பதிக்கும் வேலையை அம்மாணவர்கள் செய்தனர். பேச்சோடு நில்லாமல் வேலைக்கும் கண்ணைப் பயன்படுத்தியது இதன் சிறப்பு. சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்னும் செயலி, பேச இயலாத பிள்ளைகள் படங்களைத் தெரிவுசெய்து தமிழிலும் பேச வழி செய்கிறது. கூகுள் 2020இல் வெளியிட்ட ஒரு செயலி இடம், வலம், மேல் என்ற மூன்று நோக்குகளைக் கொண்டு கைப்பேசியிலேயே சொற்றொடரைத் தெரிவுசெய்ய உதவுகிறது. 2024 முதல் ஆப்பிள் கைப்பேசிகளிலும் கண்ணால் இயக்கும் வசதி வந்துவிட்டது.

கருவி வந்தபின் கயிறு பிடிப்பவருக்கு வேலையில்லையோ என்று கேட்கலாம். இங்கே நான் பழமையின் பக்கம் நிற்கப்போவதில்லை. அருகில் ஒருவர் அமர்ந்தால்தான் பேச முடியும் என்பது அன்பான ஏற்பாடாகத் தோன்றினும், அருகில் அமர்ந்தவருக்குத் தெரியாமல் எதையும் பேச முடியாது என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. அவரைப் பற்றியே ஒரு முறையீடு இருந்தால்? இரவு இரண்டு மணிக்கு அச்சம் தோன்றினால்? கால்பந்தாட்டத்தின் நடுவே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போன பணியாளரைப் பற்றி போபி எழுதுகிறார். அந்தக் கணத்தில் அவரிடம் ஒரு கருவி இருந்திருந்தால் அது நூலில் இடம்பெறும் மனக்குறையாக ஆகியிருக்காது. 'அணைக்காதீர்கள்' என்ற ஒரு சொல்லோடு தீர்ந்திருக்கும்.

குரு என்ற முறையில் எனக்கு இது ஒப்புரவு அருளடையாளத்தை நினைவூட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகப் பாவங்களை அறிக்கையிடுவதற்குத் தடையில்லை என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 990ஆம் எண் கூறுகிறது. அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்று 983ஆம் எண் கூறுகிறது. இக்கரைக்கு இது புதிதன்று: 1542இல் இங்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது, இரு மொழியும் அறிந்தவர்களை அமர்த்தியே செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். திருமணச் சம்மதத்தையும், பேச இயலாதவர் சொல்லுக்கு ஈடான குறிகளால் தெரிவிக்கலாம் என 1104ஆம் எண் இசைவளிக்கிறது. ஆகவே கண்ணால் பேசுபவர்க்குத் திருச்சபையின் கதவு அடைபட்டதில்லை. ஆயினும் சட்டம் இசைவது வேறு, மனம் இசைவது வேறு. தன் மகளையே மொழிபெயர்ப்பாளராக வைத்து எந்தத் தந்தை முழு அறிக்கை செய்வார்? ஆளில்லாமல் பேசவைக்கும் கருவி இங்கே அவருக்கு ஒரு தனியறையைத் தருகிறது. அறிக்கை முடிந்ததும் அச்சொற்கள் கருவியின் நினைவில் தங்கிவிடாதபடி அழிக்கப்பட்டனவா என்று பார்ப்பது குருவின் பொறுப்பு. இரகசியத்துக்குக் கட்டுப்பட்ட மொழிபெயர்ப்பாளரைப்போல் கருவி கட்டுப்படுவதில்லை.

இத்தகைய வாழ்வு வாழத்தக்கதுதானா என்று உடல்நலமுள்ளோர் தயங்காமல் கேட்டுவிடுகின்றனர். போபியே 1997இல் தொடங்கி வைத்த உள்ளடைபட்டோர் சங்கத்தின் உறுப்பினர்களிடம் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதைக் கேட்டு 2011இல் வெளியிட்டனர். கணக்கிலெடுத்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாயிருப்பதாகவும் 18 பேர் அப்படியில்லை என்றும் கூறினர். அந்த 18 பேரை 47 என்ற எண் மறைத்துவிடக் கூடாது. எனினும் விடையைப் பார்வையாளரிடம் கேட்காமல் படுக்கையில் இருப்பவரிடம் கேட்டார்களே, அதுவே பெரிது. கேட்பதற்கு ஒரு முறை இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

அந்த முறை தமிழில் எப்படியிருக்கும்? போபியின் இருபத்தாறு எழுத்துகளைப் போலன்றி நம்மிடம் 247 எழுத்துகள் உள்ளன. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் கேட்பவரும் களைத்துவிடுவார், இமைப்பவரும் களைத்துவிடுவார். ஆனால் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து மறந்த இலக்கணமே இங்கு உதவிக்கு வருகிறது. மெய் பதினெட்டும் வல்லினம், மெல்லினம், இடையினம் என ஆறாறாகப் பிரிந்து கிடக்கின்றன. உயிர் பன்னிரண்டும் குறில் ஐந்தும் நெடில் ஏழுமாக நிற்கின்றன. வல்லினமா, மெல்லினமா, இடையினமா, உயிரா என்று முதலில் கேட்க வேண்டும். இமைத்ததும் அந்த இனத்தின் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். எழுத்துக் கிடைத்ததும், தனி மெய்யா, குறிலா, நெடிலா என்று கேட்டு, உயிர்களைச் சொல்ல வேண்டும். கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவுமில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த பேரன் போதும்.

'தண்ணீர்' என்ற சொல்லைச் செய்து பார்க்கலாம். வல்லினம் முதற் கேள்வி. க, ச, ட, த என்று நான்கு. மெய், குறில் என்று இரண்டு. அ என்று ஒன்று. ஆக 'த' எட்டுக் கேள்வியில் கிடைக்கிறது. 'ண்' ஆறு கேள்வியில். 'ணீ' பத்து. 'ர்' ஆறு. மொத்தம் 30 கேள்விகள். நிதானமாகக் கேட்டாலும் ஓரிரு நிமிடங்கள்தாம். பதினான்காம் கேள்வியில் 'தண்' என்று வந்தவுடனேயே பேரன் "தண்ணியா தாத்தா?" என்று கேட்டுவிடுவான், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் தாத்தா முதுகுத் தண்டில் வலிக்கிறது என்று சொல்ல வந்திருக்கலாம். தண்டல் காரர் வந்தாரா என்று கேட்க நினைத்திருக்கலாம். ஆகையால் எழுத்துகளைக் கற்பிக்குமுன் ஒன்றை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: 'அதுவன்று, திரும்பத் தொடங்கு' என்பதற்கு எத்தனை இமைப்பு என்பது.